இருபது சென்ட் தபால்தலையும் இருநூறு வருடப் பழைய திருத்தமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1982-இல் அமெரிக்காவுக்குள் ஒரு கடிதம் அனுப்ப 20 சென்ட் தபால்தலை போதும். அந்த ஆண்டு, ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த கிரெகரி வாட்சன் என்ற மாணவர் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுந்தபோது பத்து வருடம் ஓடியிருந்தது. அமெரிக்க அரசியல் சாசனத்தில் 27-ஆவது திருத்தம் ஏறியிருந்தது. சாசனத்தில் கடைசியாகச் சேர்ந்த திருத்தமும் அதுதான்.

இளைஞர்கள் ஜனநாயகத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று யார் பேசினாலும் கூடவே இரண்டு படங்கள் வந்துவிடும். ஒன்று வாக்குச்சாவடி வரிசை, இன்னொன்று பதாகை தூக்கிய ஊர்வலம். இரண்டையும் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் தேர்தல் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது, ஊர்வலம் மாலையில் கலைந்துவிடுகிறது. நடுவில் கிடக்கும் அத்தனை நாட்களிலும் பதவி, பணம், கட்சி எதுவும் இல்லாத ஓர் இளைஞர் என்னதான் செய்ய முடியும்? இதற்குப் பொத்தாம்பொதுவான பதில்கள் ஏராளம் உண்டு. அதனால்தான் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பெரிய இயக்கங்களில் எந்தக் கை எந்தக் கல்லை நகர்த்தியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இதில் ஆரம்பத்தில் இருந்தது ஒரே ஒரு கை.

பரணில் கிடந்த வாக்கியம்

முதலில் பின்னணி. காங்கிரஸ் என்று நான் இங்கே சொல்வது செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றத்தை. அந்த உறுப்பினர்களின் சம்பளத்தை நிர்ணயிப்பது யார்? அவர்களேதான். சம்பளம் சட்டத்தின் மூலம் தீர்மானிக்கப்படும் என்கிறது சாசனம், சட்டம் போடுவதோ காங்கிரஸ். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?

இந்தச் சங்கடம் 1789-லேயே ஜேம்ஸ் மேடிசனை உறுத்தியிருக்கிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான அவர் அப்போது வர்ஜீனியாவிலிருந்து தேர்வான பிரதிநிதி. அவர் கொண்டுவந்த யோசனை, இறுதி வடிவத்தில், ஆங்கில மூலத்தில் 24 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். செனட்டர்கள், பிரதிநிதிகள் ஆகியோரின் ஊதியத்தை மாற்றும் எந்தச் சட்டமும், இடையில் ஒரு பிரதிநிதிகள் சபைத் தேர்தல் நடந்து முடியும்வரை அமலுக்கு வராது என்பது அதன் பொருள். ஏற்றிக்கொள், ஆனால் அதற்கு முன் மக்களை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சபைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்பதால் காத்திருப்பும் பெரிதாக இருக்காது.

சாசனத்தைத் திருத்த, காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும். 1789 செப்டம்பர் 25 அன்று காங்கிரஸ் 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. அவற்றில் 10 திருத்தங்கள் 1791 டிசம்பருக்குள் நிறைவேறின. உரிமைகள் பட்டயம் என்று உலகமே சொல்லும் பத்து அவைதான். சம்பளத் திருத்தம் தேறவில்லை. அப்போது இருந்த 14 மாநிலங்களில் 11 ஒப்புதல் தேவைப்பட்ட இடத்தில் 6 மட்டுமே கிடைத்தன.

அதற்கப்புறம் அது பரணுக்குப் போய்விட்டது. 1873-இல் காங்கிரஸ் தன் சம்பளத்தை 5,000 டாலரிலிருந்து 7,500 டாலராக உயர்த்தி, அதையும் இரண்டு வருடம் முன்தேதியிட்டு எடுத்துக்கொண்டது. நாடே கொதித்தது. அந்தக் கோபத்தில் ஒஹாயோ மாநிலம் பழைய திருத்தத்தைத் தூசி தட்டி ஒப்புதல் கொடுத்தது. மறு வருடமே காங்கிரஸ் அந்த உயர்வைத் திரும்பப் பெற்றது, பேச்சும் அடங்கிவிட்டது. அடுத்து 1978-இல் வயோமிங், அதுவும் ஒரு சம்பள உயர்வுக்கு எதிர்ப்பாக. இதற்கிடையில் மாநிலங்களின் எண்ணிக்கை கூடக்கூட எல்லைக்கோடும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 50 மாநிலங்கள் ஆனபின் 38 வேண்டும்.

சி வாங்கிய கட்டுரை

1982-இல் ‘கெடு’ என்ற சொல் அமெரிக்க அரசியல் பேச்சில் அடிபட்டுக்கொண்டிருந்தது. பெண்களுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைக் காங்கிரஸ் 1972-இல் ஏழு வருடக் கெடுவோடு அனுப்பியிருந்தது. கெடுவை ஒருமுறை நீட்டித்தும் 35 மாநிலங்களோடு நின்று, 1982 ஜூன் 30-இல் அது காலாவதியானது. ஒப்புதலுக்கு இப்படிக் கெடு வைக்கும் வழக்கம் 1917-இல் காங்கிரஸ் அனுப்பிய 18-ஆவது திருத்தத்தோடு ஆரம்பித்தது. அதற்கு முந்தியவற்றில் கெடு கிடையாது.

அரசியல் வகுப்புக்குக் கட்டுரை எழுத நூலகத்துக்குப் போன வாட்சன், ஒப்புதல் கிடைக்காமல் நின்றுபோன திருத்தங்களின் பட்டியல் ஒன்றைப் புத்தகத்தில் பார்க்கிறார். அதில் 1789-இன் சம்பளத் திருத்தம் இருக்கிறது, கெடு இல்லை. கெடு இல்லையென்றால் அது இன்னும் உயிரோடுதானே இருக்க வேண்டும்? இதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். கிடைத்த மதிப்பெண் சி. மேல்முறையீடு போல ஆசிரியரிடமே போய்க் கேட்டும் மாற்றம் இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் ஆசிரியரை வில்லனாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உச்ச நீதிமன்றம் 1921-இல் ஒரு வழக்கில், ஒப்புதல் என்பது சமகால மக்களின் கருத்தைக் காட்ட வேண்டும் என்ற தொனியில் பேசியிருந்தது. 1939-இல் இன்னொரு வழக்கில், எவ்வளவு காலம் அதிகம் என்பதைக் காங்கிரஸ் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஆக, 193 வருடம் கிடந்த ஒரு திருத்தம் உயிரோடு இருக்கிறது என்று ஒரு மாணவர் எழுதினால், புருவத்தை உயர்த்த எந்த ஆசிரியருக்கும் காரணம் இருந்தது. கட்டுரையில் இருந்தது வெறும் வாதம். வாதத்துக்கு சி போடலாம், அதில் தப்பில்லை. தன் வாதம் சரிதான் என்று காட்ட வாட்சனுக்கு இருந்த வழி ஒன்றுதான்: திருத்தத்தை நிறைவேற்றிக் காட்டுவது. மதிப்பெண் கோபம் என்று சொல்லலாம், வீம்பு என்றும் சொல்லலாம். அவரே அதை மறைத்ததில்லை.

யாரைக் கேட்பது?

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

வாட்சன் முதலில் எழுதியது காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு. உங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் இதை எடுத்துச் செய்யக்கூடியவர் யாராவது உண்டா என்று கேட்டார். பெரும்பாலும் பதில் இல்லை, வந்த சிலவும் கைவிரித்தவை. யோசித்தால் இதில் வியப்பில்லை. தங்கள் சம்பளத்துக்குக் கடிவாளம் போடும் வேலையை அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தால் யார் ஆர்வம் காட்டுவார்கள்? ஆனால் மெய்ன் மாநிலத்தின் செனட்டர் வில்லியம் கோஹன் அந்தக் கடிதத்தைத் தன் மாநிலத்தில் உரியவரிடம் சேர்ப்பித்தார். 1983 ஏப்ரலில் மெய்ன் சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஏப்ரலில் கொலராடோ.

இரண்டு மாநிலம் விழுந்ததும் விஷயம் பிடிபட்டுவிட்டது. வாட்சன் கடிதங்களை நேராக மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் திருப்பினார். இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஒரு மாநிலத்தில் இந்த ஒப்புதல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் புரியும். யாராவது ஓர் உறுப்பினர் ஒரு கூட்டுத் தீர்மானத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அது ஒரு குழுவுக்குப் போகும். குழு விட்டால் அவைக்கு வரும், வாக்கெடுப்பு. பிறகு அடுத்த அவையிலும் அதே சடங்கு. நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை, மற்ற 49 மாநிலங்களிலும் இரண்டிரண்டு. ஆளுநர் கையெழுத்து தேவையில்லை. குடியரசுத் தலைவருக்கு இதில் வேலையே இல்லை. இந்தச் சங்கிலியில் வெளியாள் ஒருவர் தொட முடிந்த கண்ணி முதல் கண்ணிதான்: தாக்கல் செய்ய முன்வரும் ஒரே ஓர் உறுப்பினர். ஐம்பது மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 7,400 பேர் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு ஒருவர் கிடைத்தால் போதும்.

இப்போது அந்த 20 சென்ட் கணக்குக்கு வருவோம். 7,400 பேருக்கும் ஒரு சுற்று எழுதினால் தபால்தலைக்கு மட்டும் 1,480 டாலர். காகிதம், உறை, நகல், தொலைபேசி எல்லாம் தனி. மறு கடிதம், நினைவூட்டல், நன்றிக் கடிதம் என்று ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். நடுவில் 1985-இல் தபால்தலை 22 சென்ட் ஆனது, 1988-இல் 25, 1991-இல் 29. வாட்சன் இந்தப் பத்து வருடத்தில் தன் கையிலிருந்து செலவழித்ததாகச் சொல்லும் தொகை சுமார் 6,000 டாலர். ஒரு சாசனத் திருத்தத்துக்கு இது மிகச் சல்லிசான விலை. அதே சமயம் ஒரு மாணவருக்கு 6,000 டாலர் சின்னக் காசு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் அவர் டெக்சஸ் சட்டமன்றத்தில் உறுப்பினர்களுக்கு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அதனால் வருமானம் வந்தது. அதைவிட, ஒரு தீர்மானம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்ற அறிவு வந்தது.

அவர் வைத்த விண்ணப்பத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை, நிதி ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே மேடிசன் எழுதி, காங்கிரஸ் அனுப்பி வைத்த ஒரு வாக்கியத்துக்கு ‘சரி’ என்று சொல்லச் சொன்னார். ஒரு மாநில உறுப்பினருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. வாஷிங்டனில் இருப்பவர்களின் சம்பளத்தைக் கட்டுப்படுத்தினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு கட்சிக்காரர்களும் சொல்லிக்கொள்ளலாம்.

கோபம் வந்த நேரம்

1985-இல் ஐந்து மாநிலங்கள். 1986-இல் மூன்று. 1987-இல் நான்கு, 1988-இல் மூன்று. இப்படியே போயிருந்தாலும் ஒருநாள் முடிந்திருக்கும். ஆனால் 1989-இல் ஒரே வருடத்தில் ஏழு மாநிலங்கள், அவருடைய டெக்சஸும் சேர்த்து. என்ன நடந்தது?

அந்த வருடத் தொடக்கத்தில் காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தை 89,500 டாலரிலிருந்து 1,35,000 டாலராக, அதாவது 51 சதவீதம், உயர்த்தும் பரிந்துரை வந்தது. அதிலும் ஒரு சாமர்த்தியம்: உறுப்பினர்கள் வாக்களித்துத் தடுக்காவிட்டால் உயர்வு தானாக அமலாகிவிடும். கை தூக்காமலே சம்பளம் ஏறும். வானொலித் தொகுப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய பழைய பாஸ்டன் தேநீர் எதிர்ப்பை நினைவூட்டி, காங்கிரஸுக்குத் தேநீர்ப் பைகளை அனுப்பச் சொன்னார்கள், மக்களும் அனுப்பினார்கள். பிப்ரவரியில் காங்கிரஸ் பின்வாங்கியது. ஆனால் அதே வருடக் கடைசியில் வேறொரு சட்டத்தின் மூலம் சம்பளமும் உயர்ந்தது, ஆண்டுதோறும் தானாக ஏறும் ஒரு முறையும் வந்தது. 1992-இல் இன்னொன்று வெடித்தது. பிரதிநிதிகள் சபைக்கென்றே இயங்கிய வங்கியில், கணக்கில் பணம் இல்லாமலே காசோலை போட்டுவந்த இந்நாள், முன்னாள் உறுப்பினர்கள் முந்நூறு பேருக்கும் மேல் என்று தெரியவந்தது.

இந்தக் கோபம் எதையும் வாட்சன் உண்டாக்கவில்லை. 1989-இல் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், மக்கள் கேட்கிறார்களே, இதற்கு நாம் என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தபோது, செய்வதற்கு ஒன்று மேசையிலேயே இருந்தது. அதற்குள் 25 மாநிலங்கள் தாண்டியிருந்ததால் அது பைத்தியக்கார யோசனையாகவும் தெரியவில்லை. 1873-இல் ஒஹாயோ கோபப்பட்டபோது பக்கத்து மாநிலங்களுக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் கோபம் ஒரு மாநிலத்தோடு நின்றது. நூறு வருடம் கழித்து வயோமிங்கும் அப்படியே தனியாக நின்றது. 1989-இல் சொல்வதற்கு ஆள் இருந்தார். இந்த நிகழ்வில் என் கண்ணுக்குப் படும் முக்கியமான வித்தியாசம் இதுதான்.

கடைசி வாரங்கள்

1992 மே 5 அன்று மிசௌரி, அலபாமா. மே 7 அன்று மிச்சிகன், அதே நாளில் நியூ ஜெர்சி. மிச்சிகனோடு 38 ஆகிவிட்டது என்பது அன்றைய கணக்கு. காங்கிரஸ் அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால் 202 வருடம், 7 மாதம், 12 நாள். ஒரு வேடிக்கை: கென்டக்கி மாநிலம் 1792-லேயே ஒப்புதல் கொடுத்திருந்தது பின்னாளில்தான் வெளியே தெரிந்தது. அதைச் சேர்த்தால் மே 5-லேயே எண்ணிக்கை நிறைந்துவிட்டது. இரண்டு நாள் எல்லோரும் சும்மா காத்திருந்திருக்கிறார்கள்.

வாஷிங்டனில் பலருக்கு இது திகைப்பு. பிரதிநிதிகள் சபையின் தலைவர் டாம் ஃபோலி உட்படச் சிலர் இது செல்லுமா என்று சந்தேகம் எழுப்பினார்கள். திருத்தம் நிறைவேறியது என்று சான்றளிக்கும் வேலை சட்டப்படி தேசிய ஆவணக் காப்பகத் தலைவருடையது. அப்போது அந்தப் பொறுப்பில் இருந்த டான் வில்சன் மே 18-இல் சான்றளித்துவிட்டார். எங்களைக் கேட்காமல் எப்படி என்று செனட்டர் ராபர்ட் பேர்ட் கடிந்துகொண்டார். ஆனால் மே 20-இல் வாக்கெடுப்பு வந்தபோது பிரதிநிதிகள் சபையில் 414-க்கு 3, செனட்டில் 99-க்கு 0 என்று இரண்டு அவைகளும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டன. தேர்தல் வருடத்தில், என் சம்பளத்தை நான்தான் முடிவு செய்வேன் என்று யார் எழுந்து நிற்பார்கள்?

2017-இல் பல்கலைக்கழகம் அந்தப் பழைய சி-யை ஏ ஆக்கியது. அதே ஆசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முப்பத்தைந்து வருடம் கழித்து மதிப்பெண் திருத்தம்.

எது பலித்தது

விடாமுயற்சி என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் விடாமுயற்சியோடு தப்பான கதவைத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்சனும் முதலில் அதைத்தான் செய்தார். பலித்தது, கதவை மாற்றியதால்.

எந்த ஊரிலும் எந்த நாட்டிலும் இளைஞர்கள் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் மேலே, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே போகின்றன. முதல்வருக்கு, பிரதமருக்கு, அதிபருக்கு. அங்கே ஒரு எழுத்தர் அதை வாங்கி, உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு முத்திரை குத்துவார். அதோடு சரி. முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது, அங்கே முதல் கையெழுத்துப் போடக்கூடியவர் யார் என்று தேட ஒரு வாரம் செலவிட்டால், பல சமயம் அது நாம் நினைத்ததைவிட இரண்டு படி கீழே இருக்கும். பேருந்து நிறுத்தம், நூலக நேரம், பூங்கா விளக்கு, பள்ளிக் கழிப்பறை போன்றவற்றை முடிவு செய்வது ஒரு சின்னக் குழு. அந்தக் குழுவின் கூட்டத்துக்கு வெளியாட்கள் வருவதே அபூர்வம். அங்கே ஒரு கடிதத்துக்கு இருக்கும் எடை, தலைநகரில் ஆயிரம் கையெழுத்துக்கு இருக்காது.

அடுத்தது, விதியைப் படிப்பது. வாட்சனிடம் இருந்த ஒரே மூலதனம் இதுதான். பெரும்பாலானோர் சாசனத்தைப் படிக்கும்போது அதில் இருப்பதைப் படிக்கிறார்கள். அவர் அதில் இல்லாததைக் கவனித்தார். நகராட்சி விதி, பல்கலைக்கழக விதி, சங்கத்தின் துணைவிதி, கூட்டம் கூட்ட எத்தனை பேர் வேண்டும், பொருள் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க எத்தனை நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பவை வறண்ட வாசிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதானவர்களுக்கு அதைப் படிக்க நேரமில்லை, பதவியில் இருப்பவர்களுக்குப் படிக்க விருப்பமில்லை. அங்கே இளைஞர்களுக்குப் போட்டியே கிடையாது.

மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டும், அதற்கு இன்னொரு திருத்தத்தைத் துணைக்கு அழைக்கிறேன். 1982-இல் வாட்சனுக்கு 21 வயது நிரம்பவில்லை. 1971-க்கு முன்பாக இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு வாக்கே இருந்திருக்காது. வாக்குரிமை வயதை 18 ஆக்கியது 26-ஆவது திருத்தம். அது நிறைவேறிய வேகம் இன்றுவரை யாரும் முறியடிக்காதது: 1971 மார்ச் 23-இல் காங்கிரஸ் அனுப்பியது, ஜூலை 1-இல் போதுமான மாநிலங்கள் ஒப்புக்கொண்டன. சரியாக நூறு நாள். வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களை அனுப்பிக்கொண்டிருந்த காலம், தெருவெல்லாம் மாணவர்கள். இளைஞர் எழுச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் அந்த நூறு நாளுக்குப் பின்னால் ஏறக்குறைய முப்பது வருடம் இருக்கிறது. கட்டாய ராணுவ வயது 18 ஆன 1942-லேயே, சண்டைக்குப் போகிற வயது என்றால் வாக்குக்கும் அந்த வயது போதும் என்ற முழக்கம் பிறந்துவிட்டது. அப்போது பிரதிநிதியாக இருந்த ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் அந்த வருடமே திருத்தத்தை முன்மொழிந்து, தோற்று, மறுபடி மறுபடி முன்மொழிந்தார். 1943-இல் ஜார்ஜியா மாநிலம் தன் அளவில் வயதைக் குறைத்தது, 1955-இல் கென்டக்கி. 1971-இல் கூட்டம் வந்தபோது காகிதம் தயாராக இருந்தது.

நூறு நாள் திருத்தமும் இருநூறு வருடத் திருத்தமும் இந்த இடத்தில் ஒன்றுபோல இருக்கின்றன. கோபம் வருவது நம் கையில் இல்லை. அது வரும்போது எழுதி வைத்த ஒரு தீர்மானம் சரியான தட்டில் இருக்குமா என்பது நம் கையில் இருக்கிறது. கூட்டம் சேர்ப்பவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் வருத்தப்படலாம். கூட்டம் இல்லாமல் காகிதம் தூங்கும் என்பதும் உண்மை, மேடிசனின் வாக்கியம் அப்படித்தானே தூங்கியது.

எது பலிக்கவில்லை

சரி, இவ்வளவு பாடுபட்டு நிறைவேறிய திருத்தம் என்ன சாதித்தது? நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். 1989 சட்டம் கொண்டுவந்த தானியங்கி உயர்வு இந்தத் திருத்தத்தை மீறுகிறது என்று ஒஹாயோ பிரதிநிதி ஜான் போனர் வழக்குப் போட்டார். சட்டம் வந்தபின் ஒரு தேர்தல் நடந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இல் தள்ளிவிட்டது. அதாவது திருத்தம் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. 2009 முதல் உறுப்பினர் சம்பளம் 1,74,000 டாலரிலேயே நின்றுவிட்டதும் இந்தத் திருத்தத்தால் அல்ல. ஒவ்வொரு வருடமும் உயர்வை வேண்டாம் என்று அவர்களே தள்ளிவைத்து வந்ததால்தான்.

தீர்மானம் நிறைவேறினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு வாட்சனின் அடுத்த முயற்சி ஒரு நல்ல எச்சரிக்கை. அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்துக்கு மிசிசிப்பி மாநிலம் ஒப்புதலே கொடுக்காமல் விட்டிருந்தது. அதற்கும் அவர் கடிதம் எழுதி, 1995-இல் மிசிசிப்பி சட்டமன்றம் ஒப்புதல் தீர்மானம் போட்டது. பத்திரிகைகளில் செய்தியும் வந்தது. ஆனால் தீர்மானத்தின் நகலை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பவில்லை. 2013-இல் வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அது போய்ச் சேர்ந்தது. பதினெட்டு வருடம் ஒரு நகலுக்காக.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும், இது என்னுடைய இந்த ஆய்வின் குறை. வெற்றி பெற்ற ஒருவரை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எளிது. அதே 1982-இல் அதே போன்ற நூலகங்களிலிருந்து எத்தனையோ பேர் எழுதிய கடிதங்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும், அவற்றைப் பற்றி யாரும் ஆய்வு எழுதுவதில்லை. சம்பளத்தைக் கட்டுப்படுத்துவோம் என்றால் எதிர்த்துப் பேச ஆள் கிடைக்காது. அதனால் வாட்சனுக்கு எதிரி இல்லை, இருந்தது அலட்சியம் மட்டும். சொத்து, சாதி, நிறம், மதம் எதையாவது தொடும் கோரிக்கையாக இருந்தால் கடிதம் மட்டும் போதாது. அங்கே ஆட்கள் வேண்டும், சேர்ந்து நிற்க வேண்டும், சில சமயம் அடியும் வாங்க வேண்டியிருக்கும்.

தனியாகச் செய்ததிலும் ஒரு விலை இருக்கிறது. பத்து வருடம் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தார். நடுவில் அவருக்கு நோய் வந்திருந்தால்? வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போயிருந்தால்? இதையே இன்று யாராவது செய்வதாக இருந்தால் குறைந்தது மூன்று பேராவது சேர்வது நல்லது: விதியைப் படிப்பவர் ஒருவர், யாருக்கு என்ன எழுதினோம், என்ன பதில் வந்தது என்று கணக்கு வைப்பவர் ஒருவர், கூட்டங்களுக்கு நேரில் போய் உட்காருபவர் ஒருவர். மூன்றாமவருக்குப் பொறுமை கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும், அந்தக் கூட்டங்கள் அப்படி.

இன்னும் மேசையில் இருப்பவை

27-ஆவது திருத்தம் போலவே காங்கிரஸ் கெடுவில்லாமல் அனுப்பி, ஒப்புதல் நிறையாமல் கிடப்பவை நான்கு. 1789-இன் பன்னிரண்டில் மிஞ்சிய ஒன்று, சபை உறுப்பினர் எண்ணிக்கை பற்றியது. 1810-இல் வந்தது, வெளிநாட்டு அரசுகளிடம் பிரபு போன்ற கௌரவப் பட்டம் வாங்குவோரின் குடியுரிமை பற்றியது. 1861-இல் உள்நாட்டுப் போரைத் தவிர்க்கும் கடைசி முயற்சியாக வந்த மூன்றாவது, மாநிலங்களில் இருந்த அடிமை முறையில் காங்கிரஸ் தலையிடாமல் தடுக்கப் பார்த்தது. அதுவும் சட்டப்படி செத்துப்போகவில்லை. கெடு வைக்காமல் விட்ட கதவு வழியாக எதுவும் வரலாம்.

நான்காவது, 1924-இல் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் உழைப்பைக் கட்டுப்படுத்தவும் தடைசெய்யவும் காங்கிரஸுக்கு அதிகாரம் தரும் திருத்தம். 28 மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்திருக்கின்றன. இன்னும் பத்து வேண்டும்.